கறுப்பின் மேல் ஓடும் வெளிச்சக் கோடு

முதலில் ஒன்றுமே தெரியாது. திரை முழுக்கக் கறுப்பு. பிறகு மயிரிழைக் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு கீழிருந்து மேலே ஏறும். ஏறுகிற வழியில் சற்றே வளையும். அந்த வளைவைக் கண்ட பிறகுதான் அங்கே ஒரு பொருள் நிற்கிறது என்பதே நமக்கு உறைக்கும். கணினிகளையும் கைப்பேசிகளையும் உலகுக்கு முதன்முதலாகக் காட்டும் அறிமுகப் படங்கள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கோடு எனக்கு அலுப்பதில்லை.

கலிபோர்னியாவில் காலை பத்து மணி என்றால் செப்டம்பரில் நமக்கு இரவு பத்தரை. சங்கரன்கோவிலில் அந்நேரம் கடைகள் சாத்தியிருக்கும். விசைத்தறிகள் மட்டும் தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே இந்தப் படங்களைப் பார்த்துப் பழகியவன் நான். அவற்றில் சொல்லப்படும் வேகமும் நினைவகமும் விலையும் மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். என்னைப் பிடித்து உட்காரவைப்பது வேறு: விளிம்பில் விழும் ஒளி, பின்னணியின் சாம்பல் நிறம் எந்த இடத்தில் கறுப்பாகிறது என்ற கணக்கு, மூடி திறக்கும் வேகம். இவற்றைத் தீர்மானிப்பவர் கலை இயக்குநர். ஒரு நொடிக் காட்சிக்காக அவர் ஒரு பகல் முழுக்க விளக்கை நகர்த்திக்கொண்டிருப்பார்.

2013 ஜூன் 10 அன்று ஆப்பிள் தன் மேக் புரோ கணினியை முன்னோட்டமாகக் காட்டியது. அதுவரை மேக் புரோ என்றால் பெரிய அலுமினியப் பெட்டி. இதுவோ கருமையாக மெருகேற்றிய உருளை, உயரம் 25.1 சென்டிமீட்டர், குறுக்களவு 16.7 சென்டிமீட்டர். கறுப்பு, பளபளப்பு, உருளை என்ற இந்த மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்தால் அதைப் படம் பிடிப்பவருக்கு அதைவிடக் கடினமான சோதனை வேறில்லை. ஏனென்று சொன்னால்தான் அந்தப் படத்தின் அழகு முழுசாகப் பிடிபடும்.

மங்கலான பொருள்மேல் வெளிச்சம் அடித்தால் பொருள் தெரியும். பளபளக்கும் பொருள் அப்படி நடந்துகொள்ளாது. அது தன் முகத்தைக் காட்டாமல் எதிரே இருப்பதைக் காட்டும். அதன்மேல் எத்தனை விளக்கைத் திருப்பினாலும் விளக்குகளின் பிம்பம்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆகவே பொருளுக்கு வெளிச்சம் அமைப்பதைவிட, பொருள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதற்கு வெளிச்சம் அமைக்க வேண்டும். தட்டையான பரப்பு ஒரே திசையைத்தான் பார்க்கும். அந்தத் திசையில் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் வேலை முடிந்தது. உருளை அப்படியில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், எதிர்ப்பக்கம் என்று அறை முழுவதையும் தன் உடம்பில் நெட்டுக்குத்தாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும். அதன் நட்டநடுவில், கேமராவை நேருக்கு நேர் பார்க்கும் அந்த ஒடுங்கிய பட்டையில், எப்போதும் கேமராவே நிற்கும். அதனால் கேமராவைக் கறுப்புத் துணியால் போர்த்துகிறார்கள், ஓட்டுபவர் கறுப்புச் சட்டை போடுகிறார், சுவர்கள் கறுப்பாகின்றன. பொருளின் இரு பக்கமும் இரண்டே இரண்டு நீளமான வெளிச்சப் பட்டைகள். மிச்சம் எல்லாம் இருட்டு.

அந்தப் பட்டைகளின் ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கத்திமுனை போல் வெட்டென்று நிற்கும். மறுபக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்து இருளில் கரையும். இந்தத் தேய்வு தானாக வருவதில்லை. விளக்குக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு வடிதாள் கட்டுவார்கள். நம்மூர் ஸ்டுடியோக்களில் பட்டர் பேப்பர் என்று வாங்குவதும் அந்த வேலைக்குத்தான். விளக்கை அந்தத் தாளுக்கு மிக அருகில் கொண்டுவந்தால் தாளின் நடுவில் பிரகாசம் கூடி ஓரம் மங்கும். அந்த மங்கல்தான் பொருளின்மேல் கரைவாகத் தெரிகிறது. விளக்கைப் பின்னுக்குத் தள்ளினால் தாள் முழுக்க ஒரே சீராக ஒளிரும்; அப்போது பொருளின்மேல் பட்டை தட்டையாக, ஒட்டவைத்ததுபோல் விழும். ஒரு சாண் தூரத்தில் உருளை உருண்டையாகிறது அல்லது அட்டையாகிறது. வெளிச்சம் எங்கே முடிய வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் கலை இயக்குநரின் ரசனை தெரியும். மேக் புரோ படத்தில் அந்த முடிவுகளில் பிசகு எதையும் நான் காணவில்லை.

பொருள் அசையாமல் நிற்க, ஒளி மட்டும் அதன்மேல் நகர்ந்து போகும் காட்சி ஒன்று இந்தப் படங்களில் தவறாமல் வரும். நமக்கு அது புதிது இல்லை. எங்கள் ஊர்ச் சங்கரநாராயணர் சந்நிதியில் திரை விலகியதும் குருக்கள் தீபத்தை எடுக்கிறார். அதுவரை கருமையாக, ஒரே நிழலாக இருந்த திருமேனியில் சுடர் கீழிருந்து ஏறும்போது முதலில் ஒரு விளிம்பு மின்னும், பிறகு கன்னத்தின் திரட்சி, பிறகு நெற்றி. வலப்புறம் சிவனுக்கு உரிய சடை, இடப்புறம் திருமாலுக்கு உரிய மகுடம். இரண்டும் ஒரே தலையில் சேரும் இடம், சுடர் நடுவில் வரும் அந்தக் கணத்தில்தான் பிடிபடுகிறது. விளக்கை ஓரிடத்தில் நிறுத்திவைத்திருந்தால் இந்த உருவத்தை நாம் படம்போலத்தான் பார்த்திருப்போம். சுடர் சுற்றுவதால்தான் கண் அதைத் தொட்டுப் பார்க்கிறது. நகரும் மினுமினுப்பு ஒரு பரப்பின் மேல் எந்த வேகத்தில் ஓடுகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே சட்டென்று தாவுகிறது என்பதை வைத்தே கண் அதன் வளைவை அளக்கிறது. மடிக்கணினியின் மூடி விளிம்பில் ஒளிக்கோடு ஓடுவதும் இதே பார்வைக் கணக்கில்தான். ஒன்பது நிலைக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த கணக்கு இது. இதே கோயிலில் மார்ச்சிலும் செப்டம்பரிலும், பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி, காலை வெயில் நேராக உள்ளே நடந்துவந்து சங்கரலிங்கத்தின்மேல் விழும். வாசல்களை அந்தக் கோட்டில் வரிசையாக வைத்தவர், எந்த ஒளி எந்தப் பரப்பில் எந்த நாளில் விழ வேண்டும் என்று திட்டமிட்டவர். அவரையும் கலை இயக்குநர் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அதே 2013 அக்டோபரில் மேக் புரோ உருவாகும் விதத்தைக் காட்டும் இன்னொரு படமும் வந்தது. அதில் பேச்சு இல்லை. அலுமினியக் கட்டி ஒன்று அழுத்த எந்திரத்துக்குள் போகிறது, ஆழமான கிண்ணமாக வெளியே வருகிறது, கடைசல் எந்திரத்தில் சுழல்கிறது, மெருகேறுகிறது, நிறமேறுகிறது. ஜூனில் பார்த்த அந்த நிறைவான கறுப்பு, வெள்ளி நிறத்துச் சுருள் சீவல்களுக்கும் சொட்டும் திரவத்துக்கும் நடுவிலிருந்து பிறக்கிறது. முதல் படத்தின் ஒளி பொருளை எட்டாத உயரத்தில் வைத்திருந்தது. இரண்டாம் படம் அதை இறக்கிக் கொண்டுவந்து பட்டறையில் வைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் முழு விருந்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தக் கணினியை மேசையில் திருப்பினால், பின்புறச் செருகுவாய்களைச் சுற்றி மெல்லிய வெளிச்சம் தானாக எரியும். இருட்டில் துழாவ வேண்டாமே என்ற அக்கறையில் செய்தது. படத்தில் வெளியிலிருந்து விழுந்த கோட்டுக்கு, பொருள் உள்ளிருந்து சொன்ன பதிலாகவே எனக்கு அது படுகிறது.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பேச முடியாது. மேக்ரோ லென்ஸ் வைத்து ஒரு விசைப்பலகையை நெருங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத துகள் திரையில் நெல்மணி அளவாகிவிடும். கையுறை, ஊதுகுழல், மெல்லிய தூரிகை இவற்றோடு ஒருவர் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிற்பார். ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு அவர் குனிந்து ஊதுவார். நிலை மின்சாரம் திரும்பத் தூசியை இழுக்கும், திரும்ப ஊதுவார். கைரேகை இன்னும் மோசம். 2023இல் ஆப்பிள் தன் கறுப்பு மடிக்கணினியை அறிமுகம் செய்தபோது, கைரேகை குறைவாகப் பதியும் மேற்பூச்சு என்பதைத் தனியாக எடுத்துச் சொன்னது. கறுப்பு அலுமினியத்தைப் படம் பிடித்தவர்களுக்கு அந்த அறிவிப்பு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

திரை வேறொரு தலைவலி. ஒளிரும் திரையைக் கேமரா பார்த்தால் பட்டை பட்டையாக ஓடும். சுற்றியிருக்கும் விளக்குகளும் துடிக்கும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, ஆகவே விளக்கின் துடிப்பு விநாடிக்கு 100. விநாடிக்கு 24 சட்டகம் எடுக்கும் கேமராவில் ஷட்டர் கோணத்தை 172.8 டிகிரி என்று வைத்தால் ஒவ்வொரு சட்டகமும் சரியாக விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும், அதற்குள் இரண்டு முழுத் துடிப்பு அடங்கிவிடும், துடிப்பு தெரியாது. சென்னைப் படப்பிடிப்புத் தளங்களில் இந்த 172.8 தினசரிப் புழக்கத்தில் உள்ள எண். அறிமுகப் படங்களில் பெரும்பாலும் திரையை அணைத்தே எடுத்து, பிறகு கணினியில் பிம்பத்தைப் பதிக்கிறார்கள். அப்படிப் பதிக்கும்போது திரையின் நிறம் விசைப்பலகையின்மேல் லேசாகச் சிந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சிந்தியிருந்தால் செய்தவர் கைதேர்ந்தவர்.

திரைக்குள் என்ன நேரம் என்பதிலும் நயம் உண்டு. ஆப்பிளின் விளம்பரங்களில் ஐபோன் 9:41 காட்டும். 2007 ஜனவரி 9 அன்று முதல் ஐபோனை ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டியபோது, பேச்சு தொடங்கி நாற்பது நிமிடம் கழித்து அந்தத் தருணம் வரும்படி திட்டமிட்டிருந்தார்கள். பெரிய திரையில் தெரியும் நேரமும் அரங்கில் இருப்பவர்களின் கைக்கடிகார நேரமும் ஒத்துப்போக வேண்டும் என்பது விருப்பம். முதல் ஐபோனின் படங்களில் 9:42 என்றிருந்தது. பிறகு ஒரு நிமிடம் குறைத்து 9:41 ஆக்கினார்கள். பார்ப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூடக் கவனிக்காத இலக்கத்தைத் திருத்த மனம் வந்ததே, அந்த மனத்துக்கு என் வணக்கம்.

பொருளையே காட்டாமல் அறிமுகம் செய்த படமும் உண்டு. 1984 ஜனவரி 22 அன்று, அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் நடுவே, மெக்கின்டோஷ் கணினிக்காக ஒரு நிமிட விளம்பரம் ஓடியது. சியாட்/டே நிறுவனம் எழுதியது. கலை இயக்குநர் பிரென்ட் தாமஸ், வாசகம் ஸ்டீவ் ஹேடன், படைப்புத் தலைமை லீ குளோ. இயக்கம் ரிட்லி ஸ்காட். இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். அடக்குமுறை உலகம் ஒன்றைக் காட்ட மொட்டைத்தலை ஆண்கள் வரிசையாக ஒரு சுரங்க வழியில் நடந்து வருகிறார்கள். உடை, சுவர், முகம், காற்று எல்லாம் ஒரே நீலச்சாம்பல். அந்தச் சாம்பலைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண் ஓடி வருகிறாள், கையில் நீண்ட பிடி போட்ட சம்மட்டி. அவளது கால்சட்டை செக்கச்சிவப்பு. மேலாடை வெள்ளை, அதன்மேல் பிக்காசோ பாணிக் கோடுகளில் மெக்கின்டோஷின் உருவம். ஒரு நிமிடப் படத்தில் கணினி தலைகாட்டுவது அந்தச் சட்டைச் சித்திரத்தில் மட்டும்தான். அதையும் ஓட்டத்தில் பாதிப் பேர் தவறவிடுவார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த வண்ணச் சிக்கனம். சிவப்பு அவளிடம் மட்டும் இருப்பதால் கண்ணுக்கு வேறு வழியில்லை, அவள் பின்னாலேயே ஓடுகிறது. அவள் எறிந்த சம்மட்டி அங்கிருந்த மாபெரும் திரையில் பட்டு அது வெடித்ததும் வெள்ளை வெளிச்சமும் புழுதிக் காற்றும் அந்த மனிதர்களின் முகத்தில் அடிக்கின்றன. அதுவரை ஒளி எல்லாம் அந்த மாபெரும் திரையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. உடைந்த பிறகுதான் முகங்கள் முகங்களாகத் தெரிகின்றன. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, குப்பர்டினோவில் ஒரு பையிலிருந்து உண்மையான மெக்கின்டோஷை ஜாப்ஸ் வெளியே எடுத்தார். சின்னஞ்சிறு வெளிர் பெட்டி. அந்தப் பெட்டியை விளம்பரத்தில் காட்டியிருந்தால் அந்த ஓட்டம் அத்தனையும் வீணாகியிருக்கும். மறைத்ததுதான் இதில் கலை.

அந்தச் சம்மட்டிக்கு எதிர்முனையில் ஒரு தாள் உறை இருக்கிறது. 2008 ஜனவரி 15, சான் பிரான்சிஸ்கோ. அலுவலகங்களில் கோப்புகள் கைமாறப் பயன்படும் பழுப்பு உறை, நூலைச் சுற்றிக் கட்டும் வகை. நூலைப் பிரித்து உள்ளிருந்து மேக்புக் ஏரை உருவினார் ஜாப்ஸ். தடித்த இடத்தில் 1.94 சென்டிமீட்டர், மெலிந்த ஓரத்தில் 0.4 சென்டிமீட்டர். இந்த எண்களை யார் நினைவு வைத்திருப்பார்கள்? உறையை எவரும் மறக்கவில்லை. பிறகு வந்த விளம்பரத்திலும் வெள்ளைப் பின்னணியில் இரண்டு கைகளும் அந்த உறையும்தான். உறை பளபளப்பில்லாதது, சற்றுக் கசங்கியது, விலையற்றது. அதனால் அதிலிருந்து வரும் உலோகம் கூடுதலாகக் குளிர்ந்து மின்னுகிறது. பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் பாதிக் கலை இயக்கம் முடிந்துவிடும். வெல்வெட்டில் வைத்து எடுத்திருந்தால் அந்தக் கணினி நகையாகியிருக்கும், கனமும் கூடியிருக்கும்.

கொரோனாக் காலத்தில் அரங்குகள் மூடியிருந்தபோது என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் தன் வீட்டுச் சமையலறையிலிருந்தே பேசினார். 2020 மே மாதம் அடுப்புச்சூளையைத் திறந்து, பாரமான பெரிய சில்லுப் பலகை ஒன்றை வெளியே எடுத்தார். எனக்கு அந்தச் சமையலறையின் பொருள்கள் ஒவ்வொன்றும் பிடிக்கும்: கரண்டிகள், ஜாடிகள், பின்னால் தெரியும் அடுப்பு. 2021 ஏப்ரலில் மறுபடி அதே சமையலறை. ஆகஸ்டில்தான் அவர்கள் வெளியிட்டார்கள்: அந்த உரையில் 14 விநாடி மட்டும் சமையலறையும் ஹுவாங்கும் கணினியில் செய்த உருக்கள். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் உரையில் எந்த 14 விநாடி என்று கண்டுபிடிக்கப் பலர் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். சூளை, கரண்டி, ஜாடி எல்லாவற்றையும் படமெடுத்து, உரு எடுத்து, ஒளி விழும் விதம் மாறாமல் மறுபடி செய்திருக்கிறார்கள். வரைகலைச் சில்லு விற்கிற நிறுவனம், தன் சில்லின் திறனைச் சொல்லாமல் சொன்ன விதம் இது.

நம் பக்கத்திலும் எந்திரத்தை அறிமுகப்படுத்தும் கலைக்குப் பெரிய முன்னோடி உண்டு, சினிமாவில். 2010இல் வந்த எந்திரனில் சிட்டிக்கு ரஜினியின் முகம் வருமுன், அந்த எந்திர மனிதன் உலோகக் கூடாக நிற்கும் காட்சிகளில் ஆய்வகத்தின் வெண்மையையும் கருவிகளின் செறிவையும் பாருங்கள். அந்தப் படத்துக்காகத் தயாரிப்பு வடிவமைப்பில் தேசிய விருது பெற்றவர் சாபு சிரில். மறுவருடம், 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரில் மாணவர்களுக்கான அரசு மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அதற்கு அறிமுகப் படம் என்று மேடை நிகழ்ச்சியின் செய்திச் சுருள்தான் இருந்தது. நல்ல படம் ஒன்றுக்கு அது முழுத் தகுதி உடையது என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

கைத்திறனில் குறையே இல்லாமல், மனம் தவறிப்போன ஒரு படத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 மே 7 அன்று ஐபேட் புரோவுக்காக ஆப்பிள் வெளியிட்டது. பிரம்மாண்டமான அழுத்த எந்திரம் மெல்ல இறங்குகிறது. கீழே எக்காளம், பியானோ, வண்ண டப்பாக்கள், கேமரா லென்ஸ்கள், புத்தகங்கள். எல்லாம் நொறுங்கி, வண்ணம் பீறிட்டு வழிய, எந்திரம் மறுபடி ஏறும்போது 5.1 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பலகை மிஞ்சுகிறது. வண்ணம் வழியும் திசை, பியானோவின் மரம் பிளக்கும் கணம், ஒளியின் சூடு எல்லாமே தேர்ச்சி. ஆனால் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு நாளில் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது; தொலைக்காட்சியில் ஓட்டும் எண்ணத்தையும் விட்டது. சங்கரன்கோவிலில் ஆயுத பூஜை அன்று தறியை நிறுத்தி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, நாடாவுக்கும் ஸ்பேனருக்கும்கூடப் பொட்டு இடுவார்கள். கருவியைக் கால்பட விடாத ஊரில் வளர்ந்த கண், எக்காளம் நசுங்குவதைப் பார்த்து அதன் நேர்த்தியை ரசிக்க முடியாது. எதைக் காட்டுவது என்ற தேர்வும் கலை இயக்கத்தில் அடங்கும். அந்தத் தேர்வு பிசகினால் விளிம்பு ஒளி எவ்வளவு அழகாக விழுந்தும் பயனில்லை.

இந்தப் படங்களில் நான் தேடிக் கிடைக்காத ஒன்று, பொருளைச் செய்யும் மனிதக் கை. உலோகம் கடைவதும் திருகு இறங்குவதும் பெரும்பாலும் எந்திரக் கைகளால் நடக்கின்றன. இல்லையென்றால் பாகங்கள் தாமாகவே காற்றில் மிதந்து வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன. அந்த மிதப்பும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைப்பேசிகளில் பல ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படுகின்றன. 2022இல் ஐபோன் 14 வெளிவந்த சில வாரங்களிலேயே அங்கே அதன் உற்பத்தி தொடங்கிவிட்டது. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். உறை மாட்டிய ஒரு விரல் கேமரா வளையத்தின் மேல் ஒருகணம் தங்கி, அது சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கும் காட்சி ஒன்றை, அதே கறுப்புப் பின்னணியில், அதே கரைந்து தேயும் ஒளியில் எடுத்தால் எப்படி இருக்கும்! தோலின் மேல் விழும் ஒளி உலோகத்தின் மேல் விழுவதுபோல் வழுக்காது. சற்று உள்ளே ஊறி வெளியே வரும். இரண்டும் ஒரே சட்டகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உலோகத்துக்கும் அழகு கூடும்.

2023 அக்டோபர் 31 அதிகாலை ஐந்தரை மணிக்கு, இந்தியாவில் விடிந்தும் விடியாத நேரத்தில், ஆப்பிள் இன்னொரு நிகழ்ச்சி நடத்தியது. இரவும் மூடுபனியும் கலந்த காட்சிகள். கட்டடத்தின் கண்ணாடி வளைவில் நீல ஒளி. முடிவில் ஒரு வரி வந்தது: முழு நிகழ்ச்சியும் ஐபோனால் எடுத்தது. பிறகு வெளியான பின்னணிப் படத்தில் கிரேன்களும் பெரிய விளக்குகளும் கேபிள்களும், அந்தச் சின்னக் கைப்பேசியைச் சுற்றி நிற்கும் ஆட்களும் தெரிந்தார்கள். கேமரா சிறிதானாலும் ஒளி அமைப்புக்கு அதே பெரிய கூட்டம் தேவைப்படுகிறது என்பதை அப்படியே காட்டியதற்காக அந்தப் படத்தை நான் பாராட்டுவேன். இருந்தும் நிகழ்ச்சியின் முடிவில் அவர்கள் பெயர் எதுவும் ஓடவில்லை. 1984 படத்தின் கலை இயக்குநர் பெயர் விளம்பர உலகம் அந்தப் படத்தைக் கொண்டாடியதால் நமக்குத் தெரிகிறது. மேக் புரோ உருளைமேல் அந்தக் கோட்டை ஓடவிட்டவர் யாரென்று பார்வையாளருக்குத் தெரிய வழியில்லை. தமிழ்ப் படங்களில் ‘கலை’ என்று போட்டு ஒரு பெயர் வருவது பல தலைமுறை வழக்கம். தோட்டா தரணி என்றால் டீக்கடையிலும் தெரியும். கணினி அறிமுகப் படங்களின் கடைசியிலும் பெயர்கள் ஓடட்டும்: கலை, ஒளி, வண்ணம், தூசி ஊதியவர் பெயரும் சேர்த்து. பத்து விநாடி போதும்.